அம்பாசடர் மூக்கில் எண்ணெய் ஒழுகினால்: முன் சீலும் டைமிங் செயினும் மாற்றப் பழகுவோருக்கு

நான் முதன்முதலில் மாற்றிய முன் ஆயில் சீல் (எஞ்சினின் முன்முனையில் எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) மூன்று நாள் தாங்கியது. இரண்டாவது சீல் ஒரு வாரம். மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். மனிதர் கோபப்படவில்லை. "புல்லி கழுத்தை நகத்தால தடவிப் பாத்தீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். எஞ்சினின் முன்னால் ஃபேன் பெல்ட்டைச் சுழற்றும் சக்கரம்தான் புல்லி; அதன் கழுத்து சீலுக்குள் நுழைந்து சுழலும். வீட்டுக்கு வந்து தடவினேன். நகம் போய் மாட்டிக்கொள்ளும் அளவுக்குச் சுற்றிலும் ஒரு பள்ளம். பல வருஷமாகச் சீலின் உதடு உராய்ந்து தேய்த்த கோடு அது. அந்தக் கோட்டின்மேல் எந்தச் சீலை வைத்தாலும் எண்ணெய் கீழே வழியத்தான் செய்யும்.

பழைய வண்டி வாங்கிக் கையை அழுக்காக்கிக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் முதலில் பயப்படுவது டைமிங் வேலைக்குத்தான். என் அனுபவத்தில் டைமிங் செயின் (பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டிலிருந்து, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டை ஓட்டும் செயின்) மாற்றுவது எளிது. இரண்டு புள்ளிகளை எதிரெதிரே வைத்தால் வேலை முடிந்தது. ஒழுகலை நிறுத்துவதுதான் கஷ்டம். அதனால் இந்தக் கட்டுரையில் ஒழுகலுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எந்த எஞ்சின்?

இங்கே சொல்வதெல்லாம் அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினுக்கு. இது இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்த பி-சீரீஸ் வகை. மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் சீரீஸை அடிப்படையாக வைத்து மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடரைத் தயாரித்தது. 2014 மே மாதம் அந்த உற்பத்தி நின்றது. இதே 1489 சிசி எஞ்சினின் இன்னொரு வடிவம்தான் 1955இல் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரில் இருந்தது. இதனால் நமக்கு ஒரு லாபம் உண்டு. அம்பாசடருக்கான நல்ல வேலைக் கையேடு கிடைக்காவிட்டால் எம்.ஜி.ஏ. கையேட்டின் எஞ்சின் பகுதியை வைத்தே பெரும்பாலான வேலையை ஓட்டிவிடலாம். டீசல் அம்பாசடரும் இசுசு எஞ்சின் வைத்த 1800-உம் வேறு கதை. அவற்றுக்கு இதைப் பின்பற்ற வேண்டாம்.

கழற்றுவதற்கு முன்: எங்கே ஒழுகுகிறது?

எண்ணெய் கீழே இறங்கும், ஓடும்போது காற்றில் பின்னால் போகும். அதனால் சொட்டு விழும் இடத்தை வைத்து ஒழுகும் இடத்தைச் சொல்ல முடியாது. எஞ்சினை மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் போட்டுக் கழுவி, பனியன் வேஸ்டால் துடைத்து, ஒரு ராத்திரி காய விடுங்கள். மறுநாள் சந்தேகம் உள்ள இடங்களில் முகப் பவுடரைத் தூவிவிட்டு, எஞ்சின் சூடாகும்வரை ஓட்டிவிட்டு வாருங்கள். பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கே பிரச்சினை.

மேலிருந்து கீழே பாருங்கள். எஞ்சின் உச்சியில் வால்வுகளை மூடியிருக்கும் ராக்கர் கவரின் கார்க் கேஸ்கட் காய்ந்து சுருங்கினாலே எஞ்சின் முழுக்க நனையும். மாற்ற அரை மணி நேரம் போதும். அதற்குக் கீழே, மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் இரண்டு டாப்பெட் பக்கக் கவர்கள். இவற்றைப் பார்க்காமலேயே "சம்ப் ஒழுகுது" என்று (சம்ப் என்றால் எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) சொல்லிவிடுபவர்கள் அதிகம். முன் சீல் ஒழுகினால் அடையாளம் தனி: புல்லி சுழலும்போது எண்ணெயை வட்டமாக வீசியடிக்கும். ஃபேன் பெல்ட், ரேடியேட்டரின் பின்பக்கம், முன் குறுக்குச் சட்டம் எல்லாம் நனைந்திருக்கும்.

எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு சிறு ஓட்டையும் அதில் தொங்கும் ஸ்பிளிட் பின்னும் இருக்கும். அங்கிருந்து சொட்டினால் அது கிராங்கின் பின்பக்கத்து எண்ணெயாகவும் இருக்கலாம், கியர் பாக்ஸ் எண்ணெயாகவும் இருக்கலாம். "பின் சீலை மாத்திடலாம் சார்" என்று யாராவது சொன்னால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். மூன்று மெயின் பேரிங் வைத்த இந்த எஞ்சினின் மூல வடிவமைப்பில் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது. கிராங்க் ஷாஃப்டில் திருகு மரை போல ஒரு சுருள் பள்ளம் வெட்டியிருப்பார்கள். ஷாஃப்ட் சுழலும்போது அந்தப் பள்ளம் எண்ணெயைத் திரும்ப உள்ளே தள்ளும். எஞ்சின் நின்றால் தள்ளுவதும் நின்றுவிடும், ஒன்றிரண்டு சொட்டு விழும். அது நோயல்ல, வடிவமைப்பு.

ஆனால் அந்தச் சொட்டு ஓட்டமாக மாறினால் முதலில் பார்க்க வேண்டியது பிரீதர். பிஸ்டனைத் தாண்டி எப்போதும் கொஞ்சம் புகைக்காற்று கீழே கசியும். அது வெளியேற டாப்பெட் கவரில் இருந்து ஒரு குழாய் இறங்குகிறது. எண்ணெய் ஊற்றும் மூடியிலும் கம்பி வலை இருக்கும். இரண்டும் கசடு பிடித்து அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் போக வழி தேடி முன் சீல், பின் சுருள், கார்க் என்று எல்லாவற்றையும் நெக்கித் தள்ளும். குழாயைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கம்பி விட்டுக் குத்தி, காற்றடித்து மாட்டுங்கள். பிறகு எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, எண்ணெய் மூடியைத் திறந்து அந்த வாயில் ஒரு துண்டுக் காகிதத்தை வையுங்கள். லேசாக ஆடினால் சரி. காகிதத்தைத் தூக்கி எறிந்து, குப்குப்பென்று புகையும் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அந்த எஞ்சினுக்கு எத்தனை சீல் மாற்றினாலும் காசுக்குத்தான் கேடு.

செயின் தேய்ந்ததா?

ஐடிலில் எஞ்சினின் முன்பக்கம் சலங்கை கட்டியது போலக் கலகலவென்று சத்தம் கேட்கும். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் அடங்கும். டைனமோ பேரிங்கும் வாட்டர் பம்ப்பும் இதே மாதிரி சத்தம் போடக்கூடியவைதான். ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிஷம் மட்டும் ஓட்டிக் கேளுங்கள். சத்தம் அப்படியே இருந்தால் சந்தேகம் செயின்மேல்தான்.

இன்னொரு சோதனைக்கு எஞ்சினைத் திறக்கவே வேண்டாம். டெல்கோ மூடியைக் கழற்றுங்கள். (டிஸ்ட்ரிபியூட்டரை நம் பட்டறைகளில் டெல்கோ என்றுதான் சொல்வார்கள், லூகாஸ் கம்பெனியுடையது போட்டிருந்தாலும்.) ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லியின் முன் நட்டில் ஸ்பானர் போட்டு எஞ்சினை ஒரு பக்கம் கொஞ்சம் திருப்புங்கள். பிறகு மெதுவாக எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே உள்ளே இருக்கும் ரோட்டரைக் கவனியுங்கள். புல்லி நகர்ந்த உடனே ரோட்டரும் நகர வேண்டும். புல்லி பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருக்க, ரோட்டர் தாமதித்துப் பிறகு அசைந்தால், இடையில் உள்ள தொய்வின் பெரும்பகுதி செயினுடையது.

வாங்க வேண்டியவை

டைமிங் செயினையும் இரண்டு பல்சக்கரங்களையும் செட்டாகவே வாங்குங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் செயினின் ஆயுள் பாதியாகிவிடும். டைமிங் கவர் கேஸ்கட், ஆயில் சீல், ராக்கர் கவர் கேஸ்கட், டாப்பெட் கவர் கேஸ்கட் இரண்டு, கேம் நட்டுக்கும் கிராங்க் நட்டுக்கும் புது லாக் வாஷர், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ்கள், கிளிப்கள், எஞ்சின் ஆயில், ஃபில்டர் இவையும் வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புது உதிரிகளும், புதுப்பேட்டையில் பழைய உதிரிகளும் கிடைக்கும். வாங்கப் போகும்போது பழைய சீலைக் கையோடு கொண்டு போங்கள். உள்விட்டம், வெளிவிட்டம், கனம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

இந்த வண்டியின் போல்ட்டுகள் அங்குலக் கணக்கு. கால் அங்குல போல்ட்டுக்கு 7/16 ஸ்பானர், 5/16 போல்ட்டுக்கு 1/2 ஸ்பானர். 13ஆம் நம்பர் ஸ்பானர் 1/2 தலையில் உட்காருவது போலத் தோன்றும். இறுகிப்போன போல்ட்டில் ஒரு தடவை வழுக்கினால் தலை உருண்டையாகிவிடும், அதன் பிறகு உளியும் சுத்தியலும்தான். அங்குல சாக்கெட் செட் ஒன்று வாங்கிவிடுங்கள், பழைய வண்டி வைத்திருக்கும்வரை உதவும். இவற்றோடு டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்), புல்லி புல்லர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), நேரான இரும்பு ஸ்கேல் ஒன்றும் இருக்கட்டும்.

பிரிப்பது

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். அடியில் நுழைய வேண்டியிருந்தால் ஸ்டாண்ட் இல்லாமல் நுழையாதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கவே கூடாது. பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றுங்கள். மிகப் பழைய வண்டிகளில் எர்த் பிளஸ் முனையில் இருக்கலாம், பாடியோடு சேரும் வயர் எது என்று கண்ணால் பார்த்துக் கழற்றுங்கள்.

தண்ணீரை இறக்கி, ஹோஸ்களைக் கழற்றி, ரேடியேட்டரை வெளியே எடுங்கள். இதை எடுக்காமல் சந்தில் கையை விட்டுச் சமாளிக்கலாம் என்று தோன்றும். நானும் முயன்றேன். விரல் முட்டியில் தோல் போனதும் ரேடியேட்டர் துடுப்புகள் வளைந்ததும்தான் மிச்சம். அடுத்து டைனமோவைத் தளர்த்தி ஃபேன் பெல்ட், அதன் பிறகு ஃபேன்.

இப்போது கிராங்க் புல்லி நட்டு. ஸ்டார்ட்டிங் ஹேண்டில் மாட்டுவதற்காகப் பல் வெட்டிய பெரிய நட்டு இது. அடியில் லாக் வாஷரின் விளிம்பு மடிந்திருக்கும், உளியால் அதை நிமிர்த்துங்கள். வண்டியை டாப் கியரில் போட்டு, ஒருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு, நீண்ட கைப்பிடி போட்ட சாக்கெட்டால் திருப்புங்கள். சாதாரண வலது மரைதான், இடப்பக்கம் திருப்பினால் கழலும். சாக்கெட்டை நட்டில் வைத்துவிட்டு ஸ்டார்ட்டரை ஒரு தட்டுத் தட்டிக் கழற்றும் வித்தையைச் சிலர் காட்டுவார்கள். முதல் தடவை செய்பவர்கள் அதன் பக்கமே போக வேண்டாம்.

புல்லியை எடுக்கும்போது டைமிங் கவரில் கம்பியை முட்டுக்கொடுத்து நெம்பாதீர்கள். கவர் வெறும் தகடு, வளைந்துவிடும். வளைந்த கவரை எந்தக் கேஸ்கட்டும் காப்பாற்றாது. புல்லர் போட்டு நேராக இழுங்கள். புல்லி வந்ததும் கிராங்கில் இருக்கும் சாவிக்கட்டை (புல்லி தனியாகச் சுழலாமல் பூட்டும் சிறு இரும்புத் துண்டு) பத்திரம்.

கவரின் போல்ட்டுகளில் இரண்டு அளவு உண்டு. ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, எந்தப் போல்ட் எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தில் குத்தி வையுங்கள். கவர் ஒட்டிக்கொண்டிருந்தால் மரக்கட்டையால் பக்கவாட்டில் தட்டினால் விட்டுவிடும். இந்த எஞ்சினில் கவரை எடுக்க சம்ப்பை இறக்க வேண்டியதில்லை. அது நமக்குப் பெரிய வசதி.

உள்ளே கிராங்கின் மூக்கில் தட்டுப் போல ஒன்று இருக்கும். அதுதான் ஆயில் த்ரோயர், எண்ணெய் சீலுக்கு வருவதற்கு முன்பே அதைச் சுழற்றி வீசும் தகடு. எந்தப் பக்கம் முன்னே இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வகை த்ரோயரின் குழிந்த பக்கம் எஞ்சினுக்கு எதிர்த்திசையில், அதாவது வெளியே பார்க்க வேண்டும். பிந்தைய வகையில் ‘எஃப்’ என்று ஆங்கில எழுத்து பொறித்திருக்கும், அந்தப் பக்கம் வெளியே. பழைய வகைக் கவருக்குப் பழைய த்ரோயர், புது வகைக் கவருக்குப் புது த்ரோயர். மாற்றிப் போடக் கூடாது. புதுப்பேட்டையில் கவரை மட்டும் தனியாக வாங்கிவந்து மாட்டுபவர்கள் சறுக்கும் இடம் இது.

இரண்டு புள்ளிகள்

பெரிய பல்சக்கரம் கேம் ஷாஃப்டுக்கு, சின்னது கிராங்குக்கு. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. இரண்டு சக்கரங்களின் முகத்திலும் ஆணியால் குத்தியது போல ஒரு சிறு குழி இருக்கும். கழற்றுவதற்கு முன், முன் நட்டைக் கையால் திருகி மாட்டிக்கொண்டு, எஞ்சின் வழக்கமாகச் சுழலும் திசையில், முன்னிருந்து பார்த்தால் கடிகார முள் போகும் திசையில், மெதுவாகத் திருப்புங்கள். இரண்டு குழிகளும் ஒன்றையொன்று பார்த்தபடி நேருக்கு நேர் வந்ததும் நிறுத்துங்கள். கிராங்கின் சாவிக்கட்டை அப்போது நேர் மேலே, கேமின் சாவிக்கட்டை ஒரு மணி காட்டும் திசையில் நிற்கும். இனி கிராங்கையும் கேமையும் தேவையில்லாமல் அசைக்காதீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. முன்பு யாரோ பூசிய வெள்ளைப் பெயிண்ட் கோடுகள் செயினில் இருந்தால் அவற்றை நம்பாதீர்கள். செயின் கண்ணியும் சக்கரத்தின் பல்லும் ஒவ்வொரு சுற்றுக்கும் வேறு வேறாகச் சேரும். சக்கரத்தில் குத்திய குழிதான் கணக்கு.

சில எஞ்சின்களில் செயினின் ஒரு பக்கத்தில், ரப்பர் தலை வைத்த டென்ஷனர் இருக்கும். அதன் உடலில் உள்ள பிளக்கைக் கழற்றி, 1/8 அங்குல ஆலன் கீயை உள்ளே விட்டுக் கடிகாரத் திசையில் திருப்பினால் தலை உள்ளே இழுத்துக்கொண்டு பூட்டிக்கொள்ளும். ரப்பரில் செயின் வெட்டிய பள்ளம் ஆழமாக இருந்தால் டென்ஷனரையும் மாற்றுங்கள். இல்லையென்றால் எண்ணெய் வரும் சிறு ஓட்டை அடைத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேம் நட்டின் லாக் வாஷரை நிமிர்த்தி நட்டைக் கழற்றுங்கள். இது இரட்டை வரிசைச் செயின், பிரித்து மாட்ட இணைப்புக் கண்ணி கிடையாது. அதனால் இரண்டு சக்கரங்களும் செயினோடு சேர்ந்தே வெளியே வர வேண்டும். இரண்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி முன்னால் கொண்டுவாருங்கள். கிராங்க் சக்கரத்துக்குப் பின்னால் மெல்லிய ஷிம் வாஷர்கள் இருக்கும். எத்தனை என்று எண்ணி, அங்கேயே விட்டுவையுங்கள்.

புதிய செயினைப் பழைய செயினோடு சேர்த்துப் பக்கவாட்டில் கிடையாகப் பிடித்துப் பாருங்கள். பழையது கயிறு போலத் தொங்கும், புதியது விறைப்பாக நிற்கும். செய்த செலவு வீண்போகவில்லை என்று உங்களுக்கே தெரியும்.

மாட்டும்போது முதலில் புதுச் சக்கரங்களை மட்டும் செயின் இல்லாமல் ஷாஃப்டில் ஏற்றி, இரும்பு ஸ்கேலை இரண்டின் முகத்திலும் வையுங்கள். இரண்டும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் கிராங்க் பக்கத்து ஷிம்களைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. கோணலாக ஓடும் செயின் ஒரு பக்கமாகவே தேய்ந்து சீக்கிரம் கதையை முடித்துக்கொள்ளும்.

பிறகு மேசையில் சக்கரங்களைச் செயினுக்குள் வைத்து, குழிகளை நேருக்கு நேர் கொண்டுவாருங்கள். அப்படியே பிடித்துக்கொண்டு, கிராங்க் சக்கரத்தைச் சாவிக்கட்டையில் பொருத்தி, கேமை மிகக் கொஞ்சம் திருப்பி அதன் சாவியிலும் பொருத்தி, இரண்டையும் சேர்த்து உள்ளே தள்ளுங்கள். கேம் நட்டைப் புது லாக் வாஷரோடு இறுக்கி விளிம்பை மடியுங்கள். டென்ஷனர் இருந்தால் ஆலன் கீயை மறுபடி விட்டு அதே கடிகாரத் திசையில் திருப்புங்கள், தலை ஸ்பிரிங் விசையில் தானாக முன்னால் வரும். எதிர்த்திசையில் திருப்பவோ, தலையைக் கையால் இழுக்கவோ வேண்டாம்.

இப்போது கிராங்கை முழுதாக இரண்டு சுற்றுத் திருப்புங்கள். குழிகள் மறுபடி நேருக்கு நேர் வர வேண்டும். ஒரு சுற்றில் பார்த்துவிட்டு "போச்சு, தப்பாயிடுச்சு" என்று பதற வேண்டாம். ஒரு சுற்றில் கேமின் குழி மேலே போய் நிற்கும், அது சரிதான். இரண்டு சுற்றுக்குப் பிறகும் ஒரு பல் தள்ளி நின்றால் மட்டும் பிரித்து மறுபடி போடுங்கள். டெல்கோ கேமிலிருந்து ஓடுகிறது. நீங்கள் அதைத் தொடாதவரை கேமோடு உள்ள அதன் பொருத்தம் மாறாது.

சீல்

கவரைக் கழுவி, பழைய கேஸ்கட்டைச் சுரண்டி எடுங்கள். போல்ட் ஓட்டைகளைச் சுற்றித் தகடு முன்பு இறுக்கியதில் பிதுங்கியிருக்கும். கவரின் விளிம்பைத் தட்டையான இரும்பின்மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிச் சமமாக்குங்கள். பார்க்கச் சின்ன வேலைதான், ஆனால் பாதி ஒழுகல் இதிலேயே நின்றுவிடும்.

பழைய சீலைத் தட்டி வெளியே எடுங்கள். புதுச் சீலின் ஸ்பிரிங் தெரியும் பக்கம் எஞ்சின் உள்ளே பார்க்க வேண்டும். கவரின் அடியில், சீல் உட்காரும் இடத்தைச் சுற்றிக் கட்டை கொடுத்துத் தாங்கிக்கொண்டு, சீலின் வெளிவிட்டத்துக்குச் சமமான குழாய்த் துண்டை மேலே வைத்து நேராக இறக்குங்கள். கோணலாகப் போகிறது என்று தெரிந்தால் நிறுத்தி, எடுத்து, மறுபடி தொடங்குங்கள். உதட்டில் கிரீஸ் தடவுங்கள். வறண்ட சீல் முதல் நிமிஷத்திலேயே கருகிவிடும். பழைய கவரில் ரப்பருக்குப் பதில் ஃபெல்ட் இருந்தால் அதை எஞ்சின் ஆயிலில் நன்றாக ஊறவைத்துப் போடுங்கள்.

அடுத்து புல்லியின் கழுத்து. நகம் மாட்டாத அளவு லேசான கோடு என்றால் மெல்லிய எமரி தாளால் சுற்றுவாக்கில் மெருகேற்றினால் போதும். நீளவாக்கில் தேய்த்தால் அந்தக் கீறலே எண்ணெய்க்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்துவிடும். பள்ளம் இருந்தால் இரண்டு வழி. கவரில் இடம் இருந்தால் சீலை ஒரு மில்லிமீட்டர் முன்போ பின்போ தள்ளி உட்காரவைத்து, உதடு தேயாத பரப்பில் படும்படி செய்யலாம். நிலையான வழி லேத்துப் பட்டறையில் கொடுத்துக் கழுத்தைக் கடைந்து ஸ்லீவ் ஏற்றுவது. நான் கடைசியில் செய்தது ஸ்லீவ்தான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் சொட்டு விழவில்லை.

கவரை மாட்டும் முறையில்தான் முக்கியமான சூட்சுமம் இருக்கிறது. த்ரோயரைச் சரியான பக்கம் பார்த்து மாட்டி, கேஸ்கட்டோடு கவரை வைத்து, எல்லாப் போல்ட்டையும் விரலால் மட்டும் திருகுங்கள், இறுக்காதீர்கள். புல்லியின் கழுத்தில் எண்ணெய் தடவி, லேசாகத் திருப்பியபடியே சீலுக்குள் நுழைத்து, சாவியில் பொருத்தி உள்ளே தள்ளுங்கள். புல்லியைச் சுற்றிக் கவர் தானாக நடுவில் வந்து நிற்கும். இப்போது போல்ட்டுகளை இறுக்குங்கள்: கால் அங்குலம் 6 அடி-பவுண்டு, 5/16 அங்குலம் 14 அடி-பவுண்டு. கவரை முதலில் இறுக்கிவிட்டுப் பிறகு புல்லியைத் திணித்தால் சீல் ஒரு பக்கம் நசுங்கியும் இன்னொரு பக்கம் தொளதொளத்தும் நிற்கும். என் முதல் சீல் மூன்றே நாளில் போனதற்குப் பள்ளத்தோடு இந்தத் தவறும் சேர்ந்த காரணம்.

புல்லியின் சாவிப் பள்ளம் வழியாகவும் எண்ணெய் ஊர்ந்து நட்டின் அடியில் வெளியே வரும். லாக் வாஷரின் பின்பக்கம் மெலிதாகக் கொஞ்சம் சீலன்ட் தடவிவிட்டு நட்டை 70 அடி-பவுண்டு, அதாவது சுமார் 95 நியூட்டன் மீட்டர் இறுக்கி விளிம்பை மடியுங்கள்.

சீலன்ட் பற்றி ஒரு வார்த்தை. கேஸ்கட் இருக்கும் இடத்தில் சிலிக்கான் பேஸ்ட்டை வடைமாவு மாதிரி அப்பாதீர்கள். வெளியே பிதுங்குவதைப் போல உள்ளேயும் பிதுங்கும். அது பிய்ந்து சம்ப்பில் விழுந்து எண்ணெய் பம்ப்பின் சல்லடையில் போய் ஒட்டும்.

கவரைத் திறந்தபோது, கவருக்குப் பின்னால் இருக்கும் முன் தட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் ஈரம் தெரிந்தால் அந்தக் கேஸ்கட்டும் போயிருக்கிறது. அந்தத் தட்டைக் கழற்ற எஞ்சினை அடியிலிருந்து தாங்க வேண்டும். முதல் முறை என்றால் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

மற்ற கார்க்குகள்

டாப்பெட் கவரையும் ராக்கர் கவரையும் அளவுக்கு மீறி இறுக்குவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. கார்க் பிதுங்கும், தகடு வளையும், ஒழுகல் கூடும், மறுபடி இன்னும் இறுக்குவோம். கேஸ்கட்டைக் கவரின் பக்கம் மட்டும் ஷெல்லாக் போட்டு ஒட்டிக் காயவிட்டு, மறுபக்கம் கிரீஸ் தடவி மாட்டுங்கள். நடு போல்ட்டின் வாஷரும் ரப்பரும் புதிதாக இருக்கட்டும்.

ராக்கர் கவர் திறந்திருக்கும்போதே டாப்பெட் இடைவெளியை (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள இடைவெளி) பார்த்துவிடுங்கள், 0.015 அங்குலம். எஞ்சின் சூடாகவா குளிர்ந்தா என்பதை உங்கள் கையேட்டில் பார்த்து அதன்படி வையுங்கள். எதை எப்போது சரிசெய்வது என்பதற்கு ஒன்பது கணக்கு: முன்னிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணுங்கள். எட்டாவது முழுதும் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்யுங்கள், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை. இரண்டு எண்ணும் கூட்டினால் எப்போதும் ஒன்பது.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்னும் பின்னும்

ரேடியேட்டரை மாட்டி, தண்ணீரும் புது எண்ணெயும் ஊற்றுங்கள். பிளக் மாட்டாமல் ஸ்டார்ட்டரில் சில விநாடி சுற்றவிட்டு, எண்ணெய் அழுத்தம் வருவதைப் பார்த்துவிட்டுப் பிளக்கை மாட்டுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் பலருக்கு ஒரு குழப்பம் வரும். புதுச் செயின் போட்டும் வண்டி ஏற்றத்தில் டக்டக்கென்று தட்டுகிறதே, வேலையில் தப்போ என்று. பெரும்பாலும் தப்பில்லை. தொய்ந்த செயினால் கேம் பிந்தியது, கேமை நம்பி ஓடும் டெல்கோவும் பிந்தியது. முன்பு பார்த்த மெக்கானிக் அதை ஈடுகட்ட டெல்கோவைத் திருப்பி முன்னே வைத்திருப்பார். இப்போது செயின் சரியானதும் பற்றவைப்பு அளவுக்கு மீறி முந்திவிடுகிறது. எனவே செயின் மாற்றினால் இக்னிஷன் டைமிங்கையும் கட்டாயம் பார்க்க வேண்டும். புல்லியின் விளிம்பில் ஒரு வெட்டு, டைமிங் கவரின் கீழே முள் போன்ற குறிகள். நீளமான முள் டாப் டெட் சென்டர் (முதல் பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்), மற்றவை 5 டிகிரி, 10 டிகிரி. வெளிச்சம் எட்டாத இடத்தில் இருக்கும். கவரை மாட்டும்போதே முள்ளின் நுனியிலும் புல்லி வெட்டிலும் வெள்ளைப் பெயிண்ட் தொட்டு வைத்திருந்தால் இப்போது கழுத்தை வளைக்க வேண்டியிருக்காது.

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, அடியில் அட்டை விரித்து ஒரு ராத்திரி நிறுத்துங்கள். கார்க் முதல் சூட்டில் கொஞ்சம் அமரும், அதனால் ராக்கர் கவரையும் டாப்பெட் கவரையும் கால் திருகுக்கும் குறைவாக ஒரு தடவை இறுக்கலாம். டைமிங் கவர் போல்ட்டுகளை 500 கிலோமீட்டர் கழித்துச் சரிபாருங்கள். காலையில் அட்டையின் முன்பகுதி சுத்தமாக இருந்து, பெல் ஹவுசிங்குக்கு நேர் கீழே மட்டும் இரண்டு சொட்டு இருந்தால் அந்த இடத்தில் ஒரு பழைய தகரத் தட்டை வைத்துவிட்டு வண்டியை எடுங்கள்.